புரை என்ன மாங்காயா, முத்தட்டும் என்று விட?

போன வாரம் ஓர் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். 68 வயது. இடது கண் ரத்தச் சிவப்பு. கண்பாப்பா சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளை. இரண்டு நாளாகத் தலைவலி, வாந்தி. பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கண் பிரஷர் 52. 21-க்குள் இருக்க வேண்டியது. டார்ச் அடித்தேன், வெளிச்சம் வருவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"முத்தட்டும்னுதான் சார் விட்டிருந்தோம்" என்றார் மகன்.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு காலத்தில் அது சரியான யோசனைதான், மறுக்கவில்லை. அப்போது புரையை, அதாவது மங்கிப்போன கண் லென்ஸை, உறையோடு சேர்த்து முழுசாக எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே வைக்க எதுவும் கிடையாது. அப்புறம் ஆயுசுக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. கொஞ்சமாவது பார்வை இருக்கிறவர் பொறுத்திருப்பதே மேல். ஆனால் ஹரால்ட் ரிட்லி லண்டனில் கண்ணுக்குள் முதல் செயற்கை லென்ஸ் வைத்தது 1949-இல். அல்ட்ராசவுண்டால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையை சார்லஸ் கெல்மன் கொண்டுவந்தது 1967-இல். மதுரையில் ஆரோலேப் நிறுவனம் 1992-இல் லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலையும் இறங்கிவிட்டது. திண்ணை வைத்தியம் மட்டும் இன்னும் 'முத்தட்டும்' என்கிறது.

இன்றைக்குப் புரை இளசாக இருந்தால்தான் வேலை சுலபம். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போதும். முத்தினால் கல்லாகிவிடும். உடைக்க அதிக நேரம் பிடிக்கும், கருவிழி அடிவாங்கும். (அந்த மாதிரி கேஸில் எங்களுக்கும் உள்ளங்கை வியர்க்கும், வெளியே சொல்ல மாட்டோம்.) இன்னும் விட்டால் மங்கிய அந்த லென்ஸ் ஊதி, பிரஷர் ஏறி, பார்வை நரம்பே போய்விடலாம். போன நரம்புக்கு எந்த ஆபரேஷனும் கிடையாது.

அதற்காகப் புரை என்றதும் மறுநாளே ஓடி வரவும் வேண்டாம். பஸ் போர்டு தெரியவில்லை, அரிசியில் கல் தெரியவில்லை, ராத்திரி எதிரே வரும் வண்டி லைட் கண்ணைக் கூசுகிறது என்றால் நேரம் வந்துவிட்டது. சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, ஆண்கள் சிறுநீர் தாராளமாகப் போகப் போடும் மாத்திரை, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கடைசியாகச் சொன்ன அந்தச் சிறுநீர் மாத்திரையால் ஆபரேஷன் நடுவே கண்பாப்பா சுருங்கிக்கொள்ளலாம். கண்ணில் விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் ஊற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆபரேஷன் முடிந்து வலியோ சிவப்போ கூடினால், பார்வை குறைந்தால், அன்றைக்கே வாருங்கள். திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். சில மாதமோ வருடமோ கழித்து மெல்ல மங்கினால் 'புரை திரும்பிவிட்டது' என்று பதற வேண்டாம். பெரும்பாலும் நாங்கள் வைத்த லென்ஸுக்குப் பின்னால் உள்ள சவ்வு மங்கியிருக்கும், லேசரில் சில நிமிட வேலை.

அந்த அம்மாவுக்கு இடது கண்ணில் வலியைக் குறைத்தோம், அவ்வளவுதான் முடிந்தது. வலது கண்ணிலும் புரை இருக்கிறது, நல்லவேளையாக இன்னும் இளசு. வியாழக்கிழமை தேதி கொடுத்திருந்தேன். நேற்று மகன் போன் செய்தார்.

"ஆடி போகட்டும்னு வீட்ல சொல்றாங்க சார்..."

போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். வியாழக்கிழமை வருகிறார்.