பக்கவாதம் வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

பக்கவாதம் வந்து ஒருவர் சரிந்து விழுந்தால், பதற்றத்தில் யாராவது ஓடிப்போய் வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது ஆபத்து, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடலாம். ஆனால் அடுத்த சில நாள்களில் அதே ஆளுக்கு உடம்பில் நீர் வற்றுவதும் சின்ன விஷயமில்லை. இதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவதால் வருபவை. மூளையில் ரத்தமே போகாத நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துவிடும். அதைச் சுற்றியுள்ள பகுதியோ வேலையை நிறுத்தியிருக்கும், உயிரை விட்டிருக்காது. மதகு அடைத்த பிறகும் பக்கத்து வயலிலிருந்து கசியும் நீரில் கடைமடைப் பயிர் தாக்குப்பிடிக்குமே, அதுபோல அக்கம்பக்கக் குழாய்களிலிருந்து வரும் கொஞ்ச ரத்தத்தில் அது பிழைத்துக் கிடக்கிறது. கை திரும்புமா, பேச்சு திரும்புமா என்பது பெரும்பாலும் இந்தப் பகுதி தப்புவதைப் பொறுத்தது.

உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறையும், அழுத்தம் தளரும். கசிவை நம்பியிருக்கும் இடத்துக்குத்தான் முதல் அடி. கூடவே ரத்தமும் கெட்டிப்படுகிறது. மெதுவாக ஓடும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீர் குறையும்போது இன்னும் நெருக்கியடிக்கும். அசையாமல் கிடக்கும் காலிலும் இதே கதைதான். அங்கே ரத்தம் உறைந்து, கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்த ஆய்வில், பக்கவாத நோயாளிகளில் 100க்கு 40 பேருக்கு மேல், மருத்துவமனைக்கு வரும்போதே நீர்ச்சத்து குறைந்தவர்கள். அவர்களில் நிலைமை மோசமானவர்களின் விகிதம் மற்றவர்களைவிட நன்றாகவே அதிகமாக இருந்தது. நீர்க்குறைவுதான் காரணம் என்று இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இது எளிதில் சரிசெய்யக்கூடிய குறை என்பதால் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கண்டுபிடிக்கவும் பெரிய கருவி வேண்டாம். நீரைச் சேமிக்கச் சிறுநீரகம் அதைத் திரும்ப உறிஞ்சும்போது யூரியா என்ற கழிவும் கூடவே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கிரியாட்டினின் என்ற இன்னொரு கழிவு அப்படித் திரும்புவதில்லை. அதனால் சாதாரண ரத்தப் பரிசோதனையில் இந்த இரண்டின் விகிதத்தைப் பார்த்தே மருத்துவர் ஊகித்துவிடுவார். வீட்டில் நமக்குத் தெரிவது காய்ந்த நாக்கும் அடர் மஞ்சள் சிறுநீரும்.

சரி, தண்ணீர் கொடுத்துவிட்டால் போதாதா? அங்கேதான் சிக்கல். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொடக்கத்தில் விழுங்குவதில் தடுமாற்றம் இருக்கும். தண்ணீர் வேகமாக வழுக்கி இறங்கும். மூச்சுக்குழாய் மூடுவதற்குள் உள்ளே போய்விடும். சிலருக்கு இருமல்கூட வராது. அதனால் விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய் தண்ணீரும் கூடாது. திறன் குறைந்தவர்களுக்குக் கூழ்போலக் கெட்டியாக்கிய நீர், அல்லது மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூப். கெட்டி நீர் பலருக்குப் பிடிக்காது. இரண்டு ஸ்பூனோடு தலையைத் திருப்பிக்கொள்வார்கள். டிரிப்ஸ் ஏற்றினாலும் பெரும்பாலும் லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள சலைன்தான். உப்பில்லாத நீர் மூளைக்குள் இறங்கி வீக்கத்தைக் கூட்டிவிடும். இதயம் பலவீனமானவருக்கு அந்தச் சலைனும் அளந்துதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் தடைகள் உண்டு. சிலருக்கு மூளை இடப்பக்கத்தையே கவனிக்காது. இடது கைப்பக்கம் வைத்த டம்ளர் கண்ணெதிரே இருந்தும் இல்லாததுதான். பேச்சு போனவரால் கேட்க முடியாது. வயதானவர்களுக்குத் தாக உணர்வே மங்கிப்போயிருக்கும்.

என் பெரியப்பாவுக்கு விழுங்குவதில் பிரச்சினை இல்லை, தண்ணீர் குடிக்கலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனாலும் நாளுக்கு இரண்டு டம்ளர் குடித்தாலே அதிகம். ஏன் என்று துருவிக் கேட்டதில் மெல்லச் சொன்னார்: "ராத்திரி உன் பெரியம்மாவை எத்தனை தடவைதான் எழுப்புறது?" அப்புறம், நன்றாக இருந்த வலது கைக்கு எட்டும்படி கட்டிலோரம் ஒரு யூரின் பாட்டிலை மாட்டிவைத்தோம். அன்று சாயங்காலம் அவராகவே தண்ணீர் கேட்டார்.