அவசரத்தில் விடுபடும் காகிதங்கள்

மனிதநேய உதவி நிறுவனங்களில் மனிதவளப் பொறுப்புக்கு வர விரும்பும் இளைஞர்கள், எந்தப் பட்டம் படிக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: களத்துக்குப் புறப்படும் வண்டியில் ஐந்து பேர் என்றால், ஐவரின் ஒப்பந்தமும் என்றைக்கு முடிகிறது என்று பார்க்கத் தோன்றுமா?

எனக்குத் தோன்றவில்லை. செயல்பாட்டுப் பொறுப்பேற்ற புதிதில், எங்கள் ஓட்டுநர் ஒருவரின் ஒப்பந்தம் முடிந்து பதினொரு நாட்கள் ஓடியிருந்தன. நன்கொடையாளர் தந்த திட்ட நிதி முடிந்துவிட்டது; அடுத்த நிதிக்குக் கையெழுத்தாகவில்லை. அவரோ வழக்கம்போல் காலையில் வந்து, சாவியை எடுத்துக்கொண்டு, சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தார். ஒப்பந்தம் இல்லையென்றால் காப்பீடும் இல்லை. அதே வண்டியில் போன வெளிநாட்டு அதிகாரிக்கு ஆண்டு முழுவதற்குமான காப்பீடு இருந்தது. விபரீதம் எதுவும் நடக்கவில்லை. அதற்கும் எங்கள் நிர்வாகத் திறமைக்கும் சம்பந்தமில்லை.

இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வழக்கு ஒன்று உண்டு. 2012 ஜூனில் கென்யாவின் தடாப் அகதி முகாமில் நார்வே அகதிகள் கவுன்சிலின் வாகன அணி தாக்கப்பட்டது. நான்கு வெளிநாட்டுப் பணியாளர்கள் கடத்தப்பட்டு, நான்கு நாட்களில் மீட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ஸ்டீவ் டென்னிஸ் வழக்குத் தொடுத்தார். ஆபத்தை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும், நிறுவனம் பெரும் கவனக்குறைவாக நடந்துகொண்டது என்று 2015 நவம்பரில் ஆஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடும் வழங்கியது. பணியாளரைப் பாதுகாப்பது நிறுவனத்தின் சட்டக் கடமை என்பதைப் பல தலைமையகங்கள் உறைக்க உணர்ந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தத் தாக்குதலில் கென்ய ஓட்டுநர் ஒருவர் கொல்லப்பட்டார். பயிற்சி வகுப்புகளில் டென்னிஸின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. ஓட்டுநரின் பெயரைக் கேட்டால் அறை அமைதியாகிவிடுகிறது. உதவிப் பணியாளர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தந்த நாட்டவர்களே என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆள் சேர்ப்பிலும் இதே அவசரம்தான். பேரிடர் நடந்த வாரத்தில் நாற்பது பேரை எடுக்க வேண்டியிருக்கும். ‘முந்தைய நிறுவனத்தில் விசாரித்தீர்களா?’ என்று கேட்பவர் முட்டுக்கட்டையாகத் தெரிவார். பாலியல் முறைகேட்டுக்காக ஓரிடத்தில் நீக்கப்பட்டவர் அடுத்த நிறுவனத்தில் சத்தமின்றிச் சேர்ந்துவிடும் கதைகளால்தான், முன்னாள் நிறுவனங்களிடம் அதை நேராகக் கேட்டறியும் ஏற்பாடு 2019இல் தொடங்கியது. அதில் இணைவது எளிது. நெருக்கடியில் பதில் வரும்வரை காத்திருப்பதுதான் கடினம்.

பதினொரு நாள் விவகாரத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தேன். மாதம் 20ஆம் தேதி, அறுபது நாட்களுக்குள் ஒப்பந்தம் முடிகிறவர்களின் பட்டியல் நிதிப் பிரிவுக்குப் போகும். இன்னொரு பிரதி வாகனச் சாவிகள் தொங்கும் பலகையில் ஒட்டப்படும். முதல் மாதம் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் மாதம் ஓட்டுநர் ஒருவர் சாவியை எடுக்காமல் என் அறைக்கு வந்து, “என் தேதி முந்தாநாளே முடிந்துவிட்டதே, ஐயா” என்றார். அன்று காலை வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டது.