நியூ டீல்: ஒப்பந்தமா, பங்கீடா?

1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தைச் சமாளிக்க அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த திட்டங்களுக்கு 'நியூ டீல்' என்று பெயர். அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதும்போது அந்தப் பெயர் வருகிற இடத்தில் 'புதிய ஒப்பந்தம்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எழுதினேன். ஒரு வகுப்பில் மாணவி ஒருத்தி எழுந்து, "ஒப்பந்தம்னா யாருக்கும் யாருக்கும் நடுவுல சார்? யாரு கையெழுத்துப் போட்டாங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து தேடினால், அப்படி ஒரு ஒப்பந்தமே கிடையாது. கையெழுத்தும் இல்லை, இரண்டு தரப்பும் இல்லை. அந்தச் சொல் ஒரு தேர்தல் மேடையில் பிறந்தது. அதன் வேர் சீட்டாட்டத்தில் இருக்கிறது.

1932 ஜூலை 2. இடம் சிகாகோ ஸ்டேடியம். ஜனநாயகக் கட்சி மாநாடு நாலாவது சுற்று வாக்கெடுப்பில் நியூயார்க் ஆளுநர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அதுவரை இருந்த மரபு வேறு. தேர்வான சேதி தெரியாதது போல வேட்பாளர் வீட்டில் இருப்பார். சில வாரம் கழித்துக் கட்சிக்காரர்கள் முறைப்படி வந்து சொல்வார்கள். ரூஸ்வெல்ட் அதை உடைத்தார். ஆல்பனியிலிருந்து விமானம் ஏறி, எதிர்க்காற்றில் தாமதமாகி, மாநாட்டு அரங்குக்கே வந்து நின்றார். அர்த்தமில்லாத பழக்கங்களை முறிப்பதில்தான் தன் வேலை தொடங்குகிறது என்று மேடையிலேயே சொன்னார். பேச்சின் முடிவில்தான் அந்த வரி வந்தது: அமெரிக்க மக்களுக்கு ஒரு 'நியூ டீல்' தருவதாக உங்களுக்கும் எனக்கும் உறுதி சொல்கிறேன் என்றார்.

பேச்சைத் தயாரிக்க உதவியவர்கள் சாமுவேல் ரோசன்மேன், ரேமண்ட் மோலி போன்றவர்கள். அவர்கள் அதை ஒரு திட்டத்தின் பெயராக வைக்கவில்லை. பெயராக்கியது பத்திரிகைகள். ராலின் கர்பி வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றில், மண்வெட்டியை ஊன்றி நிற்கும் ஒரு விவசாயி வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்; மேலே பறக்கும் விமானத்தின் இறக்கையில் அந்த இரண்டு சொற்கள். அப்புறம் அது ஒட்டிக்கொண்டது.

சரி, 'டீல்' என்றால் என்ன? நம் காதில் அது விழுவது வியாபாரப் பேச்சிலிருந்து. "டீல் முடிஞ்சாச்சு", "டீல் ஓகேவா?" என்பதையே கேட்டுப் பழகியதால் பேரம், ஒப்பந்தம் என்று மனம் தானாகப் போய்விடுகிறது. ஆங்கிலத்திலும் அந்தப் பொருள் உண்டு, ஆனால் அது பிற்பாடு வந்தது. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்குப் பொருள் பிரித்துக் கொடுப்பது, பெயர்ச்சொல்லுக்குப் பொருள் பங்கு. ஜெர்மன் மொழியில் பகுதியைக் குறிக்கும் 'டைல்' இதன் உறவுச் சொல். சீட்டைக் கலைத்து ஆளுக்கு இத்தனை என்று போடுவதற்கு ஆங்கிலத்தில் இதே சொல் வந்தது இந்த வழியில்தான்.

கல்யாண வீட்டில் ராத்திரி ரம்மி ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒருவருக்கு ஜோக்கர் மேல் ஜோக்கராக விழும். இன்னொருவர் கையில் ஒன்றோடொன்று சேராத பதின்மூன்று சீட்டு. அவர் என்ன கெட்டிக்காரராக இருந்தும் அந்த ஆட்டம் அவ்வளவுதான். அடுத்த கைக்கு எல்லாச் சீட்டையும் திரும்ப வாங்கி, "நல்லா கலைச்சுப் போடுப்பா" என்பார். அந்தக் 'கலைச்சுப் போடு'தான் நியூ டீல். ஆடுகிறவர்கள் அவர்களேதான், சீட்டுக் கட்டும் அதேதான். மாறுவது பங்கு மட்டும்.

ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே இந்தப் பொருளில் சொல் புழக்கத்தில் இருந்தது. 1889-இல் வெளியான மார்க் ட்வைனின் ஒரு நாவலில், ஆயிரம் பேரில் ஆறு பேர் கையில் எல்லாம் இருக்க, ஏமாந்த மற்ற 994 பேருக்கும் தேவை ஒரு 'நியூ டீல்' என்று கதைசொல்லி சொல்கிறான். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் குடும்பத்தைச் சேர்ந்தவரும் அவருக்கு முன்பே அதிபராக இருந்தவருமான தியடோர் ரூஸ்வெல்ட் 'ஸ்கொயர் டீல்' என்றார். கள்ளமில்லாமல் சீட்டுப் போடுவது என்பது அதன் பொருள். பிராங்க்ளினுக்குப் பிறகு அதிபரான ட்ரூமன் 'ஃபேர் டீல்' என்றார். மூன்றையும் 'ஒப்பந்தம்' ஆக்கிவிட்டால் இந்தத் தொடர்ச்சியே அறுந்துபோகிறது.

1932-இல் கேட்டவர்களுக்கு அந்தச் சொல் ஏன் அப்படித் தைத்தது என்பதற்குக் காரணம் தெருவில் இருந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தொழிலாளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வீடிழந்தவர்கள் தகரமும் அட்டையும் வைத்துப் போட்ட குடிசைப் பகுதிகளுக்கு அப்போதைய அதிபர் ஹூவரின் பெயரையே வைத்து 'ஹூவர்வில்' என்றார்கள். ரூஸ்வெல்ட்டின் அதே பேச்சில், அந்த வரிக்குச் சற்று முன்னால், அரசு மறந்துபோன மக்கள் நாட்டின் செல்வத்தின் பங்கீட்டில் இன்னும் நியாயமான வாய்ப்பை எதிர்பார்க்கிறார்கள் என்றொரு வாக்கியம் இருக்கிறது. சொல்லுக்கு உரை பேச்சிலேயே இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற ஹூவருக்கும் அது புரிந்தது. அக்டோபர் 31 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பேசியபோது, இந்த 'நியூ டீல்'கள் அமெரிக்க அமைப்பின் அடித்தளத்தையே அழித்துவிடும் என்று எச்சரித்தார். வெறும் ஒப்பந்தம் என்றால் யாரும் இப்படிப் பதற மாட்டார்கள். 1928-இல் 444 தேர்வாளர் வாக்கு (மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள் போடும் வாக்கு) பெற்ற ஹூவருக்கு நவம்பரில் கிடைத்தது 59, ரூஸ்வெல்ட்டுக்கு 472.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிவாரணப் படியைக் குறிக்கும் 'டோல்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஆனால் அது வசைச்சொல்லாகிவிட்டது. 1935 ஜனவரியில் ரூஸ்வெல்ட்டே, நிவாரணத்தை இப்படி அள்ளிக் கொடுப்பது மனித மனத்துக்குப் போதைமருந்து கொடுப்பது மாதிரி என்றார். சும்மா கொடுப்பதற்குப் பதிலாக வேலை கொடுப்பதுதான் வழி என்பது அவர் வாதம். 'அள்ளிக் கொடுப்பது' என்பதற்கு அவர் வாயில் வந்த ஆங்கில வினைச்சொல்லும் 'டோல்'தான். ஒரே வேரிலிருந்து ஒன்று உரிமை ஆயிற்று, மற்றது பிச்சை ஆயிற்று.

பங்கு எல்லோருக்கும் சமமாக விழவும் இல்லை. நியூ டீலின் பகுதியாக வந்த, முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிசெய்த 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்க்கவில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்தது அந்த வேலைகளைத்தான். கலைத்துப் போட்ட ஆட்டத்திலும் அவர்கள் கைக்குச் சீட்டு வரவில்லை. 'ஒப்பந்தம்' என்று எழுதினால் இந்தக் குறையைச் சொல்லக்கூட வழியில்லை. 'பங்கீடு' என்று எழுதினால், யாருக்குப் பங்கு இல்லை என்ற கேள்வி உடனே எழும்.

அதனால் என் தேர்வு 'புதுப் பங்கீடு'. 'மறுபங்கீடு' என்றும் சொல்லிப் பார்த்தேன். அது பொருளாதாரப் பாடத்தில் வேறொன்றுக்கு நிலைத்துவிட்டது, புதிது என்ற தெம்பும் அதில் இல்லை. 'புது ஆட்டம்' சீட்டு வாசனையோடு இருக்கிறது, ஆனால் விளையாட்டுத்தனம் தட்டுகிறது. பங்கீடு என்றால் ரேஷன் ஞாபகம் வருமே என்று ஒரு நண்பர் சொன்னார். வரட்டுமே. அரசின் வேலையை 'இயற்றலும் ஈட்டலுங் காத்தலும் காத்த வகுத்தலும்' என்று வள்ளுவர் அடுக்குகிறாரே, அந்த வகுத்தலும் பங்கிட்டுக் கொடுப்பதுதான். ஸ்கொயர் டீலை 'நேர்மைப் பங்கீடு' என்றும், ஃபேர் டீலை 'நியாயப் பங்கீடு' என்றும் எழுதினால் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும்.

இது பழைய கதைக்கு மட்டுமல்ல. 2019-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில், பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்வது பற்றிய 'கிரீன் நியூ டீல்' தீர்மானம் வைக்கப்பட்டது. அதைப் 'பசுமை ஒப்பந்தம்' என்று எழுதினால், 2015 பாரிஸ் ஒப்பந்தம் போல நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட ஒன்று என்றுதான் வாசகர் நினைப்பார். பாரிஸில் நடந்தது ஒப்பந்தமேதான். இந்தத் தீர்மானமோ, எரிபொருள் மாறும்போது வேலை இழக்கும் தொழிலாளிக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் பேசுகிறது. அதற்குப் பெயர் பசுமைப் புதுப் பங்கீடு.