இம்பிளாண்ட் பல் ஆடுகிறதா? ஆடுவது எது என்று முதலில் பாருங்கள்

“கேப் போட்டு ரெண்டு வருஷம்தான் ஆச்சு, முறுக்கு கடிச்சதுல ஆடுது டாக்டர்.” பல் மருத்துவமனைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாதிப் பேர் இம்பிளாண்டே போய்விட்டது என்ற பயத்தோடு வருவார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது.

எலும்புக்குள் பல் வேர்போல இருப்பது டைட்டானியம் இம்பிளாண்ட். அதன்மேல் அபட்மென்ட் என்ற இணைப்புத் துண்டு, அதற்கும் மேலே வெளியே பல்லாகத் தெரியும் கேப். அபட்மென்டை இம்பிளாண்டோடு பிடித்திருப்பது சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள ஒரு சின்னத் திருகு. பல நேரம் தளர்வது அதுதான். கேப் லேசாகச் சுழலும், வலி இருக்காது, எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே தெரியும். கேப்பின் நடுவில் துளை வைத்துத் திருகியிருந்தால், அடைப்பை எடுத்துவிட்டு டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) கம்பெனி சொன்ன அளவுக்கு (பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் சென்டிமீட்டர்) முறுக்கி, பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை முறுக்கினால் போதும். சிமென்ட் வைத்து ஒட்டிய கேப் என்றால் அதைத் துளைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டு அதிலேயே மென்றுகொண்டிருந்தால் திருகு உள்ளேயே முறிந்துவிடலாம். முறிந்த துண்டை எடுப்பது பெரும்பாடு.

ஏன் தளர்கிறது? சொந்தப் பல்லைச் சுற்றி மெல்லிய நார்கள் மெத்தைபோல இருக்கின்றன. இம்பிளாண்டுக்கு அது கிடையாது, எலும்போடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. கடிக்கும் அழுத்தம் தணியாமல் திருகின்மேலும் விழும். அதனால் லேசாகக் கடிக்கும்போது மற்றப் பற்கள் முதலில் தொட வேண்டும், கேப் ஒரு நூல் பிந்த வேண்டும். கலர் பேப்பர் வைத்துக் கடிக்கச் சொல்வது இதைப் பார்க்கத்தான். தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கு நைட் கார்ட் (இரவில் பல்மேல் மாட்டும் உறை) கட்டாயம்.

கேப் சுழலாமல் இம்பிளாண்டே மொத்தமாக அசைந்தால் கதை வேறு. எலும்பு பிடிக்கவில்லை அல்லது பிடித்தது விட்டுவிட்டது. முறுக்கிப் பயனில்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும்.

உண்மையில் அதிகம் பயப்பட வேண்டியது ஆடாத இம்பிளாண்டுக்குத்தான். ஈறுக்குக் கீழே வழிந்து தங்கிவிட்ட சிமென்ட், சுத்தம் செய்யாத இடுக்கு, சிகரெட், கட்டுக்குள் வராத சர்க்கரை: இவற்றால் எலும்பு சத்தமில்லாமல் கரையும். தேய்க்கும்போது ரத்தம், அழுத்தினால் சீழ், வாயில் கெட்ட சுவை. இதில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே காட்டுங்கள். இடுக்குக்குப் பிளாஸ்டிக் பூசிய கம்பியுள்ள இன்டர்டென்டல் பிரஷ் போதும்.

இம்பிளாண்ட் டப்பாவில் வரும் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி, விட்டம், நீளம், லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒரு கம்பெனியின் திருப்புளி இன்னொன்றின் திருகுக்குப் பொருந்தாமல் போகலாம். ஊர் மாறிப் போனவருக்கு அந்த ஒட்டுச்சீட்டு இல்லையென்றால், தளர்ந்த திருகை முறுக்கவே நான்கு நாள் தேட வேண்டியதாகிவிடும்.