சுழலும் ஒலிக்குத் தையல் எங்கே போடுவது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "சின்னதாக ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு காவல் ரோபோ, ஸ்கிரிப்ட்டில் எழுதியபடி ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வரும். அதற்கு ஒரு மோட்டார் உறுமலைக் கொடுத்து லூப்பில் விட்டேன். நான்கு விநாடிக்கு ஒரு தடவை 'டக்' என்று கேட்கிறது. எடிட்டரில் ஃபைல் முழுக்கத் தேடிவிட்டேன், அந்தச் சத்தம் எங்கேயும் இல்லை. போதாததற்கு, ரோபோவை அழித்த பிறகும் உறுமல் நிற்க மாட்டேன் என்கிறது. எங்கே தப்பு?"

தப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. 'டக்' சத்தத்துக்குக் காரணம் ஒலிக்கோப்பு. நிற்காத உறுமலுக்குக் காரணம் ஸ்கிரிப்ட், அதாவது ரோபோவை இயக்க எழுதிய நிரல். முதலாவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டிஜிட்டல் ஒலி என்பது எண்களின் வரிசை. கேம்களில் பெரும்பாலும் விநாடிக்கு 48,000 எண்கள். ஸ்பீக்கரின் கூம்பு அந்தக் கணத்தில் எவ்வளவு முன்னே அல்லது பின்னே இருக்க வேண்டும் என்பதைத்தான் ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. 16 பிட் கோப்பில் அந்த எண் -32,768-லிருந்து 32,767 வரை போகலாம். ஆக, நான்கு விநாடி உறுமலில் 1,92,000 எண்கள். லூப் என்று சொன்னதும் கேம் எஞ்சின், அதாவது கேமை ஓட்டும் மென்பொருள், செய்வது ஒன்றே ஒன்றுதான்: கடைசி எண்ணைப் படித்த கையோடு முதல் எண்ணுக்குத் தாவிவிடுகிறது.

அந்தத் தாவலில்தான் 'டக்' பிறக்கிறது. கோப்பில் அது இல்லை என்று வாசகர் சொன்னது சரிதான். ஒரு துணியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தால்தானே தையல் என்று ஒன்று வரும்? துணியை மட்டும் விரித்து வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எடிட்டரில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். முதலில் தடித்த ஒரு பட்டை, அப்புறம் மேடும் பள்ளமுமாக ஒரு கோடு, கடைசியில் மணி கோத்த மாதிரி தனித்தனிப் புள்ளிகள். உறுமல் 100 ஹெர்ட்ஸில், 10,000 வீச்சில் (பூஜ்யத்திலிருந்து உச்சி வரையான உயரம்) இருக்கிறது என்று வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அதிகபட்சம் 131 அளவுதான் ஏற்றமோ இறக்கமோ இருக்கும். புள்ளிகள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். இப்போது கோப்பின் கடைசிப் புள்ளியைப் பாருங்கள்: 9,000. முதல் புள்ளி: -4,000. லூப்பில் இவை இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்காருகின்றன. 131-க்கு மேல் நகராத கூம்பு ஒரே எட்டில் 13,000 தாவ வேண்டும். வழக்கமான அசைவைப் போல நூறு மடங்கு.

இந்தப் படி ஏன் 'டக்' என்று கேட்க வேண்டும்? எந்த வடிவத்தையும் மென்மையான அலைகளைக் கூட்டியே உருவாக்கலாம் என்று காட்டியவர் ஃபூரியே. 1822-ல், வெப்பம் எப்படிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்தபோது வெளியிட்ட கணிதம் அது. செங்குத்தான ஒரு படியைக் கட்ட வேண்டுமென்றால் தாழ்ந்த அலைவெண்கள் மட்டும் போதாது. உச்சாணி வரை எல்லா அலைவெண்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேவை. தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டிருக்கும் ஒலியின் நடுவே ஒரு கணம் மட்டும் எல்லா அலைவெண்களும் சேர்ந்து தலைகாட்டினால், காது அதை விரலால் சொடுக்கியது போல உணர்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம், அலை பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடமாகப் பார்த்து வெட்டுவது. அது பாதி வைத்தியம்தான். முடிவில் அலை மேலே ஏறிக்கொண்டே பூஜ்யத்தைத் தொட்டு, தொடக்கத்தில் பூஜ்யத்திலிருந்து கீழே இறங்கினால், அந்த இடத்தில் ஒரு முறிவு விழுகிறது. மதிப்பும் பொருந்த வேண்டும், போகும் திசையும் சரிவும் பொருந்த வேண்டும். சீரான ஸ்வரம் என்றால் கணக்குப் போட்டே வெட்டிவிடலாம். 110 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அலைக்கு 436.36 புள்ளிகள் வரும். முழு எண்ணாக இல்லை. ஆனால் 11 அலைகளை எடுத்தால் கச்சிதமாக 4,800 புள்ளிகள். அந்த இடத்தில் வெட்டினால் தையலே தெரியாது.

நிஜ மோட்டார் உறுமல் அவ்வளவு சீராக இருக்காது. சிலர் இரண்டு முனைகளிலும் ஒலியைப் பூஜ்யத்துக்குக் குறைத்துவிடுவார்கள். 'டக்' போய்விடும், அதற்குப் பதிலாக நான்கு விநாடிக்கு ஒருமுறை மோட்டார் மூச்சு வாங்கும்.

எனக்கு மிகவும் பிடித்த உத்திக்கு வருகிறேன். கோப்பைச் சரியாக நடுவில் வெட்டுங்கள். முதல் பாதி அ, இரண்டாம் பாதி ஆ. இப்போது வரிசையை மாற்றி, ஆ-வை முன்னாலும் அ-வைப் பின்னாலும் வையுங்கள். இந்தப் புதுக் கோப்பு அ-வின் கடைசிப் புள்ளியில் முடிகிறது. லூப்பில் அடுத்து வருவது ஆ-வின் முதல் புள்ளி. அசல் பதிவில் அவை 96,000-வது, 96,001-வது புள்ளிகள். பிறந்தபோதே பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை! மதிப்பு, திசை, சரிவு, ஒலியின் நிறம் எல்லாமே தானாகப் பொருந்திவிடும், ஏனென்றால் அந்த இடத்தில் ஒலி எப்போதும் அறுந்ததே இல்லை.

பழைய முரட்டு முனைகள் எங்கே போயின? கோப்பின் நடுவுக்கு வந்துவிட்டன. எஞ்சின் தாவும் இடத்தில் ஒளிந்துகொண்டு நம் கைக்கு எட்டாமல் இருந்த தையல், இப்போது கண்ணுக்கு நேரே கிடக்கிறது. ஆ-வின் கடைசி அரை விநாடியையும் அ-வின் முதல் அரை விநாடியையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, ஒன்றைத் தணித்துக்கொண்டே மற்றதை ஏற்றுங்கள். கிராஸ்ஃபேட் என்பது இதுதான். கோப்பு மூன்றரை விநாடியாகச் சுருங்கும், 'டக்' இருக்காது. இதை முதன்முதலாகச் செய்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, இப்போது வரும், இப்போது வரும் என்று அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. இன்றைக்கும் ஒவ்வொரு லூப்பிலும் அந்த நிமிடத்தின் சந்தோஷம் எனக்குத் திரும்பக் கிடைக்கிறது.

கிராஸ்ஃபேடில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டையும் நேர்கோட்டில் ஏற்றி இறக்கினால், நடுப்புள்ளியில் ஒவ்வொன்றும் பாதி வீச்சில் இருக்கும். பாதி வீச்சு என்றால் கால் பங்கு ஆற்றல். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரைச்சல்களுக்கு ஆற்றல்தான் கூடும், ஆகவே கால் பங்கும் கால் பங்கும் சேர்ந்து பாதிதான் ஆகிறது. 3 டெசிபல் பள்ளம். கவனித்தால் காதுக்குத் தெரியும். அதனால் நடுப்புள்ளியில் 0.707 வருமாறு சைன், கோசைன் வளைவுகளைப் பயன்படுத்துகிறார்கள். பள்ளியில் படித்த 'சைன் வர்க்கம் கூட்டல் கோசைன் வர்க்கம் சமம் ஒன்று' இங்கே ஒலியின் ஆற்றலைச் சிந்தாமல் பிடித்து வைத்திருக்கிறது. இரைச்சல் இல்லாத சீரான ஸ்வரமாக இருந்து, அலைகளும் ஒத்துப்போனால் நேர்கோடுதான் சரி. அங்கே 0.707 வைத்தால் மேடு தட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: லூப் ஒலியை எம்பி3-யாகச் சேமிக்காதீர்கள். அந்த வடிவம் ஒலியை 1,152 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகத்தான் அடைக்கும். தொடக்கத்தில் கொஞ்சம் அமைதியைச் சேர்க்கும், கடைசிக் கட்டத்தில் மிச்சமிருக்கும் இடத்தையும் அமைதியால் நிரப்பும். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட தையல் அங்கே பிரிந்துவிடும். வேவ் அல்லது ஓக் வோர்பிஸ் கோப்பு வடிவம் போதும். 1996-ல் வந்த குவேக் கேமின் எஞ்சினில் லூப்புக்கான அடையாளமே வேவ் கோப்புக்குள் ஒரு குறியாக இருந்தது. குறி இருந்தால் அந்த இடத்திலிருந்து சுழலும், இல்லையென்றால் ஒருமுறை ஒலித்து அடங்கிவிடும். இன்றைக்கு யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் அது ஒரு டிக் பெட்டி.

சரி, தையல் மறைந்துவிட்டது. ஆனாலும் காது ஏமாறாது. 1963-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த நியூமன் கட்மன், பேலா யூலெஸ் இருவரும் வெள்ளை இரைச்சலின் ஒரு துண்டைத் தையல் இல்லாமல் சுழற்றிக் கேட்கவைத்தார்கள். வெறும் 'ஷ்ஷ்' என்ற அந்த இரைச்சலில் பிடித்துக்கொள்ள ஒரு மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. இருந்தும் கேட்டவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். விநாடிக்கு ஒன்றிலிருந்து நான்கு சுற்று வரை போனால் காற்று வீசுவது போலவும், அதற்கு மேல் இருபதை நெருங்கும் வரை மோட்டார் படகு ஓடுவது போலவும், அதையும் தாண்டினால் ஸ்வரம் உள்ள ஒரு ரீங்காரமாகவும் கேட்டது. 2010-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், பலமுறை கேட்ட ஓர் இரைச்சல் துண்டைச் சில வாரங்கள் கழித்தும் மனிதர்கள் அடையாளம் கண்டார்கள். 'ஷ்ஷ்' என்பதைக்கூட நம் மூளை மனப்பாடம் செய்கிறது.

வெறும் இரைச்சலைச் சுழற்றிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நிதி ஒதுக்குபவர்கள் கேட்டிருந்தால் இதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்காது. ஃபூரியே வெப்பத்தைப் படித்தார், நாம் ஒலியைத் தைக்கிறோம். அடிப்படை ஆராய்ச்சிக்கான விண்ணப்பங்களில் 'உடனடிப் பயன் என்ன' என்ற கேள்வியையே எடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காதின் இந்த நினைவாற்றலைச் சமாளிக்க அழகான ஒரு வழி இருக்கிறது. ஒரே லூப்புக்குப் பதிலாக மூன்று அடுக்குகளை ஒன்றாக ஓடவிடுங்கள்: 7 விநாடி உறுமல், 11 விநாடி கியர் உரசல், 13 விநாடி காற்றிரைச்சல். இவை மூன்றும் ஒரே சமயத்தில் மறுபடி தொடக்கத்துக்கு வர 7 × 11 × 13, அதாவது 1,001 விநாடி ஆகும். 31 விநாடிப் பதிவிலிருந்து பதினாறு நிமிடத்துக்கு மேல் ஒரே மாதிரி திரும்பாத ஒலி.

இப்போது ஸ்கிரிப்ட்டுக்கு வரலாம். பலர் 'ரோபோ நகர்ந்தால் ஒலியைத் தொடங்கு' என்று ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு தடவையும், ஓடும் பகுதியில் எழுதிவிடுகிறார்கள். விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால், ஒலியும் விநாடிக்கு 60 தடவை முதலிலிருந்து தொடங்குகிறது. சில எஞ்சின்களில் ஒன்றுமே கேட்காது. சிலவற்றில் 60 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்கும். கட்மனும் யூலெஸும் கேட்ட அதே ரீங்காரம்தான். ரோபோ நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று கேட்கக் கூடாது. நிற்பதிலிருந்து நகர்வதற்கு இப்போதுதான் மாறியதா என்று கேட்க வேண்டும். மாறும் அந்த ஒரு ஃப்ரேமில் மட்டும் தொடங்குங்கள், திரும்ப மாறும்போது நிறுத்துங்கள்.

அந்த மாற்றங்களுக்குத் தனி ஒலிகள் வேண்டும். 1948-ல் பாரிஸில் வானொலிப் பொறியாளர் பியர் ஷெஃபர் இசைத்தட்டின் பள்ளத்தை வளையமாக மூடி ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டார். 78 வேகத் தட்டில் ஒரு சுற்று முக்கால் விநாடிக்குக் கொஞ்சம் அதிகம். மணியோசையில் அடி விழும் தொடக்கக் கணத்தை வெட்டிவிட்டுக் கேட்டபோது அது மணி என்றே அடையாளம் தெரியவில்லை என்பதையும் அவர் கவனித்தார். ஒரு பொருளின் அடையாளம் பெரும்பாலும் அதன் ஒலி தொடங்கும் கணத்தில் இருக்கிறது. அதனால் மோட்டார் கிளம்பும் ஒலி ஒன்று, சுழலும் நடுப்பகுதி ஒன்று, அடங்கும் ஒலி ஒன்று என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் ஒலி லூப்புக்குள் மாட்டிக்கொண்டால் மோட்டார் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகக் கிளம்பும்.

ரோபோக்கள் கூட்டமாக வந்தால் வேறொரு சிக்கல். பத்து ரோபோக்களும் ஒரே கணத்தில் ஒரே லூப்பைத் தொடங்கினால் அலைகள் அச்சு அசலாக ஒன்றின் மேல் ஒன்று ஏறி 20 டெசிபல் கூடும். தனித்தனி மோட்டார்களாக ஒலித்தால் 10 டெசிபல்தான் கூடும். இரண்டு ரோபோக்கள் 5 மில்லிவிநாடி தள்ளித் தொடங்கினால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக அலைவெண்கள் அடிபட்டுப்போய், குழாய்க்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும். ஒவ்வொரு ரோபோவையும் லூப்பின் வெவ்வேறு இடத்திலிருந்து தொடங்கவிட்டு, லூப் ஓடும் வேகத்தையும் இரண்டு மூன்று சதவீதம் மேலே கீழே மாற்றிவிட்டால் போதும், கூட்டம் கூட்டமாகவே கேட்கும்.

கடைசியாக, நிற்காத உறுமல். வாசகரின் ஸ்கிரிப்ட் ஒலியை ரோபோவின் மேல் வைக்காமல் பொதுவான ஓர் ஒலி மேலாளரிடம் (கேமின் ஒலிகளை ஒரே இடத்தில் இயக்கும் நிரல்) கொடுத்திருக்க வேண்டும். ரோபோ போய்விட்டது என்ற செய்தி அதற்குப் போய்ச் சேரவில்லை. லூப்புக்குத் தானாக முடியத் தெரியாது. ஒலியை ரோபோவுக்குள்ளேயே வைத்தால் அதோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஆனால் அலையின் நடுவில் அறுந்து போகும், மறுபடி ஒரு 'டக்'. எனவே ரோபோ அழியும் கணத்தில் அதன் உருவத்தை மட்டும் மறையுங்கள். ஒலிக்கோப்பு ஓடும் வேகத்தை அரை விநாடியில் மூன்றில் ஒரு பங்காகக் குறையுங்கள், சத்தத்தையும் கூடவே பூஜ்யத்துக்கு இறக்குங்கள். மோட்டார் மூச்சடங்கி நிற்பது தெளிவாகக் கேட்கும். அப்புறம் ரோபோவை நீக்குங்கள்.