துணிக்கு முன்னே நூல் இற்றுப்போகும்

பாய்மரப் படகில் நெடுந்தூரம் போகிறவர்கள் பாய் கிழிந்த கதையைச் சொல்லும்போது பழியைக் காற்றின் மேல்தான் போடுவார்கள். கிழிந்த இடத்தைப் போய்ப் பார்த்தால் பல நேரம் துணி முழுசாகத்தான் இருக்கும். இரண்டு துணிப்பட்டைகளைச் சேர்த்துத் தைத்த தையல் மட்டும் நீளத்துக்குப் பிரிந்து தொங்கும். காற்று கடைசி இழுப்பை இழுத்தது, அவ்வளவுதான். அதற்கு முன் மாதக்கணக்கில் வெயில் அந்த நூலை அரித்துக்கொண்டிருந்தது.

பருத்திப் பாய் இருந்த காலத்தில் சிக்கல் வேறு. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்துத் துணியே மக்கிவிடும், ஆனால் துணி மெத்தென்று இருந்ததால் தையல் அதற்குள் அமுங்கிப் பத்திரமாக இருந்தது. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்ஸனும் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள், 1950களில் அது டேக்ரான் என்ற பெயரில் பாய்த்துணியாக வந்தது. பாய்க்கான டேக்ரான் நெருக்கமாக நெய்து, பிசின் ஏற்றி, விறைப்பாக்கிய துணி. அதில் நூல் அமுங்காது, மேலேயே நிற்கும். எது உரசினாலும் முதலில் நூலில்தான் உரசும். நூல் மெல்லியது என்பதால் மேற்பரப்பு கொஞ்சம் கெட்டாலே அதன் வலுவில் பெரும்பங்கு போய்விடும்.

வெயில் எப்படி அரிக்கிறது? 300 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். பாலியஸ்டரின் முதுகெலும்பான கார்பன்-கார்பன் பிணைப்பை முறிக்க ஏறத்தாழ 350 போதும். பாலியஸ்டர் அந்த ஒளியை உள்வாங்கவும் செய்கிறது, அதனால் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் ஒவ்வொன்றாக அறுந்து இழை நொறுங்கத் தொடங்குகிறது. நான்-ஸ்டிக் தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்ளானிலும் நூல் செய்கிறார்கள். அதிலுள்ள கார்பன்-ஃப்ளூரின் பிணைப்புக்கு 480க்கு மேல் வேண்டும், தவிர அந்தப் பொருள் சூரியனின் புற ஊதாவை அநேகமாக உள்வாங்குவதே இல்லை. அதனால் வெயிலில் எத்தனை வருடம் கிடந்தாலும் அந்த நூலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. விலை பல மடங்கு. வழுக்கும் என்பதால் தையல் இயந்திரத்தில் இழுவிசையை மாற்றி வைக்காவிட்டால் தையல் தளர்ந்து வரும். புதிதில் அதே தடிமனுள்ள பாலியஸ்டர் நூலின் வலுவும் அதற்குக் கிடையாது, ஆகவே அதிக விசை வாங்கும் இடங்களில் எல்லாப் பாய் தைப்பவர்களும் அதை விரும்புவதில்லை. ஆனால் நாள் முழுக்க வெயிலில் கிடக்கும் மேற்கூரைத் துணிக்கும் பாய் உறைக்கும் அதைத் தவிர வேறு நூல் வாங்குவது வீண் என்றுதான் நான் சொல்வேன். கூலியோடு ஒப்பிட்டால் நூலின் விலை சின்னது.

உங்கள் பாயில் நூல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. பாயை இறக்கி, பின்விளிம்பின் மேல்பகுதித் தையலைக் கட்டைவிரல் நகத்தால் குறுக்கே அழுத்திச் சுரண்டுங்கள். நல்ல நூல் அசையாது. கெட்ட நூல் மாவுபோல உதிரும், அல்லது மொட்டை ஊசியால் லேசாகத் தூக்கினாலே பட்டென்று அறும். அப்படி அறுந்தால் அந்த ஒரு இடத்தை மட்டும் ஒட்டுப்போடாமல் அந்தத் தையல் முழுவதையும் மறுபடி ஓட்டிவிட வேண்டும், ஏனென்றால் பக்கத்து நூலும் அதே வெயிலில்தான் இருந்தது.

உலகம் சுற்றும் படகுகள்கூட ஓடுகிற நேரத்தைவிட நங்கூரமிட்டு நிற்கிற நேரம்தான் அதிகம். அதாவது பாய் பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான் கெடுகிறது. முன்பாயை அதன் கம்பியிலேயே சுருட்டி வைப்பதால் சுருளின் வெளிப்பக்கம் வருகிற விளிம்பில் அக்ரிலிக் துணிப்பட்டை தைத்திருப்பார்கள். இழையாக்கும் முன்பே நிறமியைக் கலந்துவிடுவதால் அந்தத் துணி வெயிலை வெகுகாலம் தாங்கும். தளர்வாகச் சுருட்டினால் பட்டைக்கு வெளியே ஒரு சாண் வெள்ளைத் துணி எட்டிப் பார்க்கும், அடுத்த வருடம் சரியாக அங்கேதான் கிழியும். பாய்மரத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய பாய்க்கும் இதே கதைதான், ஒரு மணி நேரம்தானே என்று உறை போடாமல் விடுகிற நேரங்கள் சேர்ந்து பெரிய கணக்காகிவிடும்.

உரசல் இன்னொரு எதிரி. ஒவ்வொரு நவம்பரிலும் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயிண்ட் லூசியாவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் கூட்டமாகக் கிளம்புகின்றன. சுமார் 2,700 கடல் மைல், பெரும்பாலும் வணிகக் காற்று, அதாவது அந்தப் பகுதியில் ஒரே திசையில் வீசிக்கொண்டிருக்கும் காற்று, பின்னாலிருந்துதான் வீசும். பெரிய பாயை முழுக்க வெளியே விட்டால் அது பாய்மரத்தின் பக்கக் கம்பிகள் மேலும், அவற்றை விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கைகளின் நுனிகள் மேலும் சாய்ந்துவிடும். படகு உருண்டு உருண்டு போக, இரண்டு மூன்று வாரம் ஒரே இடத்தில் தேய்ந்துகொண்டே இருக்கும். கிளம்பும் முன் காற்றில்லாத காலையில் பாயை ஏற்றி, வெளியே தள்ளிப் பிடித்து, நுனி படும் இடங்களைப் பென்சிலால் குறித்து, பசையுள்ள டேக்ரான் துண்டுகளை ஒட்டிவிட வேண்டும். காற்று பலத்தால் பாயின் கீழ்ப்பகுதியைச் சுருக்கிக் கட்டுவார்கள், அப்போது அது கீழே இறங்கும், நுனி வேறு இடத்தில் படும். அதனால் ஒவ்வொரு சுருக்க நிலையிலும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நூலும் ஒட்டும் இப்படிச் சரிசெய்யக்கூடியவை. வடிவம் அப்படியில்லை. ஒரு கைக்குட்டையை நூலோட்டத்தின் திசையில் இழுத்தால் நீளாது, மூலைக்கு மூலை குறுக்காக இழுத்தால் நீளும். பாய்த்துணியிலும் அந்தக் குறுக்குத் திசையைப் பிடித்து வைப்பது நெருக்கமான நெசவும் பிசினும்தான். பாய் காற்றில் படபடவென்று அடிக்கும் ஒவ்வொரு முறையும் பிசினில் நுண்ணிய விரிசல் விழுகிறது (உலர்த்துவதற்காகப் பாயை ஏற்றிப் படபடக்க விடுவதை உடனே நிறுத்துங்கள்). பிசின் போனால் பாய் தொப்பை விடும், தொப்பையின் ஆழமான இடம் பின்னால் நகரும். பெரிய பாயில் ஆழமான இடம் முன்விளிம்பிலிருந்து பாதித் தூரத்துக்குச் சற்று முன்பாக இருக்க வேண்டும். அது பின்னால் போய்விட்டால் படகை முன்னே இழுக்க வேண்டிய விசை பக்கவாட்டில் திரும்பிவிடும். படகு சாயும், சுக்கான் கனக்கும், வேகம் வராது. கீழ்விளிம்பின் நடுவில் நின்று மேல்நோக்கி ஒரு புகைப்படம் எடுத்தால் தையல் கோடுகளிலேயே இது தெரியும். முன்விளிம்பை இறுக்கிய பிறகும் தொப்பை பாதியைத் தாண்டியே நின்றால் துணியின் காலம் முடிந்தது.

புதுப்பாய் வாங்கும்போது பிளாஸ்டிக் படலங்களை அடுக்கி ஒட்டிச் செய்த பாய்கள் கண்ணைப் பறிக்கும். வடிவம் அதில் நிலைக்கும் என்பது உண்மை, ஆனால் வெப்பமண்டல ஈரத்தில் அடுக்குகளுக்கு நடுவே பூஞ்சை புகுந்தால் எடுக்க முடியாது, மடித்து மடித்து வைத்தால் அடுக்குகளே பிரியும். கடலிலேயே வாழ்கிற குடும்பத்துக்கு ஒரு படி கனமான நல்ல டேக்ரான், வடிவம் நிற்கப் பாயின் முழு அகலத்துக்கும் செருகுகிற குச்சிகள், பாயை இன்னும் சிறிதாகச் சுருக்கிக் கட்ட மூன்றாவது சுருக்க வரிசை, இவை போதும். மிச்சப் பணத்தை உறைக்குப் போடலாம்.

உப்பை மட்டும் அலட்சியம் செய்யக்கூடாது. அது ஈரத்தை இழுத்து வைக்கும், அதன் படிகங்கள் இழையை ராவும். நல்ல தண்ணீர், மென்மையான சோப்பு, பஞ்சு, இவ்வளவுதான் வேண்டும். நைலான் பாயில் குளோரின் பிளீச் படவே கூடாது. நடுக்கடலில் ஒட்டுப்போட நேர்ந்தாலும் இதே விதிதான், உப்புப் படிந்த துணியில் எந்தப் பசையும் நிற்காது. முதலில் நல்ல தண்ணீரால் துடையுங்கள், அப்புறம் ஸ்பிரிட், நன்றாகக் காய்ந்த பிறகு மூலைகளை வட்டமாக வெட்டிய துண்டை இரண்டு பக்கமும் ஒட்டி, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, ஓரத்தைச் சுற்றி மெழுகு பூசிய நூலால் கைத்தையல் போட்டுவிடுங்கள்.