பழைய ரப்லெற் எந்த இடத்தில் நின்றுபோகிறது?

2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்த நாட்களில் சூம் வகுப்புக்கென்று வாங்கிய ரப்லெற்றுகள் இன்னும் யாழ்ப்பாணத்து வீடுகள் பலவற்றில் இருக்கின்றன. அவை போதாதென்று கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வரும் உறவுகள் தாங்கள் பாவித்த ஐபேட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கண்ணாடி வெடிக்கவில்லை, பற்றரியும் நிற்கிறது. ஆனால் ஒருநாள் ஒரு செயலி “இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது” என்று இறங்க மறுக்கும். இன்னொரு நாள் ஒரு இணையத்தளம் வெள்ளைத்தாளாய் நிற்கும். “இனி இதுக்கு அப்டேற் வராதாம்” என்ற ஒரு சொல்லோடு ரப்லெற் அலமாரிக்குள் போய்விடும்.

பெரும்பாலும் அது அவசர முடிவு. அன்ட்ரொயிட் போன்ற இயங்குதளம், பாதுகாப்புத் திருத்தம், இணையம் பார்க்கும் உலாவி, செயலிகள், ஒரு தளம் உண்மையானது என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ், பற்றரி என்று ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளில் நிற்கிறது. நின்றது எது என்று கண்டுபிடித்தால், அந்த ரப்லெற்றை இன்னும் எதற்குப் பாவிக்கலாம், எதற்குப் பாவிக்கவே கூடாது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் அமைப்புகளுக்குள் போய் “ரப்லெற் பற்றி” என்ற பகுதியைத் திறவுங்கள். அன்ட்ரொயிட் என்றால் அங்கே இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: பதிப்பு எண், பாதுகாப்புத் திருத்தத்தின் திகதி. பலர் முதலாவதை மட்டும் பார்க்கிறார்கள். அன்ட்ரொயிட் 12 என்று இருந்தாலும் திருத்தத் திகதி மூன்று வருடம் பின்னால் நின்றால், அந்த மூன்று வருடத்தில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளில் பெரும்பகுதி அதில் திறந்தே கிடக்கிறது. அன்ட்ரொயிட் 10 தொடக்கம் “கூகிள் பிளே சிஸ்டம் அப்டேற்” என்று மூன்றாவதாக ஒரு திகதியும் இருக்கும். தயாரிப்பாளர் கைவிட்ட பிறகும் இயங்குதளத்தின் சில பாகங்களைக் கூகிள் பிளே வழியாகவே மாற்றுவதற்கு 2019இல் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

தயாரிப்பாளர் ஏன் கைவிடுகிறார்? புது அன்ட்ரொயிட்டைக் கூகிள் எழுதி முடித்தால் அது நேரே நம் கைக்கு வருவதில்லை. கமெரா, வைபை, திரை ஆகியவற்றை இயக்கும் டிரைவர் நிரல்களைக் குவல்கொம், மீடியாரெக் போன்ற சிப் நிறுவனங்கள் புதுப் பதிப்புக்கு ஏற்ப மாற்றித் தரவேண்டும். அதற்குப் பிறகுதான் ரப்லெற் தயாரிப்பாளரின் வேலை தொடங்கும். விலை குறைந்த சிப் ஒன்றுக்கு அதைச் செய்த நிறுவனமே நிரல் தருவதை நிறுத்திவிட்டால், தயாரிப்பாளர் நினைத்தாலும் ஒன்றும் செய்வது கடினம். 2017இல் அன்ட்ரொயிட் 8 இயங்குதளத்தையும் சிப்புக்கான நிரலையும் பிரித்து வைத்தது. அதன் பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. சாம்சுங் கலக்ஸி ரப் ஏ7 2020இல் அன்ட்ரொயிட் 10ஓடு வந்து 12இல் நின்றது. அடுத்து வந்த ஏ8, 11இலிருந்து 14 வரை போனது. 2024இன் ரப் எஸ்10 வரிசைக்கு ஏழு வருடம் தருவதாகச் சாம்சுங் சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 யூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதி, ஒரு மொடலின் விற்பனை முடிந்த நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடத்துக்கு இயங்குதளத் திருத்தங்கள் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் இலங்கையைக் கட்டாது. ஆனாலும் அங்கே விற்கும் அதே மொடல் இங்கேயும் விற்றால் பலன் நமக்கும் வந்து சேர வாய்ப்புண்டு.

அப்பிளில் சிப்பும் இயங்குதளமும் ஒரே வீட்டுச் சமையல். ஆகவே காலம் நீளம். 2014இல் ஐஓஎஸ் 8ஓடு வந்த ஐபேட் எயர் 2, 2021இன் ஐபேட்ஓஎஸ் 15 வரை ஏறியது; அதற்குப் பிறகும் 15.8 என்ற வரிசையில் சிறு பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன. அதற்கு முந்திய ஐபேட் எயர் 12.5 வரிசையோடு நின்றது. 2011இன் ஐபேட் 2 ஒன்பதாம் பதிப்பைத் தாண்டவில்லை.

இந்த இரண்டு வகையும் நிற்கும் விதத்தில் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஐபேட்டில் சபாரி உலாவி இயங்குதளத்தோடு ஒட்டியது. அதில் கூகிளின் குரோம் உலாவியை இறக்கினாலும் உள்ளே ஓடுவது சபாரியின் இயந்திரமே. ஐபேட் நெடுங்காலம் நன்றாக ஓடும். ஆனால் இயங்குதளம் நின்றால் உலாவியும் அதே நாளில் நிற்கும். அன்ட்ரொயிட்டில் இயங்குதளம் கெதியாக நின்றுவிடும், உலாவியோ பிளே ஸ்ரோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அன்ட்ரொயிட் 7க்குக் குரோம் 119 வரை கிடைத்தது. 8க்கும் 9க்கும் 2025இன் 138 கடைசி. அதாவது 2017இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 8இல் நின்ற ரப்லெற், எட்டு வருடம் கழித்தும் அன்றைய உலாவியோடு இணையம் பார்த்தது. இதனால்தான் சில வேலைகளுக்கு, விலை கூடிய பழைய ஐபேட்டை விட மலிவான அன்ட்ரொயிட் ரப் நின்று பிடிக்கிறது.

உலாவி பழசானால் பக்கம் மெதுவாகத்தானே வரவேண்டும், ஏன் முழுவதும் வெள்ளையாகிறது? இணையத்தளங்கள் ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் எழுதப்படுகின்றன. அந்த மொழியும் வளர்கிறது. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த “?.” என்ற சிறு குறியீடு 2020 அளவில் உலாவிகளுக்குள் வந்தது. குரோமில் 80ஆம் பதிப்பு முதலும், ஐபேட்டில் 13.4 முதலும் புரியும். 12.5இல் நிற்கும் ஐபேட் எயருக்கு அது எழுத்துப்பிழை. ஒரு கோப்பில் ஓரிடத்தில் இலக்கணம் பிழைத்தால் உலாவி அந்தக் கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். பக்கத்தைக் கட்டுவதே அந்தக் கோப்பு என்றால் மிஞ்சுவது வெள்ளைத் திரை. இணைப்பில் பிழையில்லை. ரூட்டரைத் திரும்பத் திரும்ப நிறுத்திப் போடுவதில் பயனுமில்லை.

“உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்ற எச்சரிக்கை வேறு கதை. அது வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். மாதக் கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த ரப்லெற்றின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடுவதுண்டு. அந்தப் பொய்த் திகதியில் எந்தத் தளத்தின் சான்றிதழும் “இன்னும் தொடங்காதது” ஆகிவிடும். திகதியைத் திருத்தினால் பாதிப் பேருக்கு வேலை முடிந்தது.

திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் மூலச் சான்றிதழ்ப் பிரச்சினை. எந்தச் சான்றிதழ் நிறுவனத்தை நம்பலாம் என்ற பட்டியல் இயங்குதளத்துக்குள் இருக்கிறது. ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ற், தொடக்கத்தில் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியானது. அதன் புதிய மூலத்தை ஐஓஎஸ் 10உம் அதற்கு மேலும், அன்ட்ரொயிட் 7.1.1உம் அதற்கு மேலும் அறியும். ஐபேட் 2 அறியாது. பழைய அன்ட்ரொயிட்டுக்கு எளிய வழி பயர்பொக்ஸ் உலாவி: அது இயங்குதளத்தின் பட்டியலை எதிர்பாராமல் தன் பட்டியலைத் தானே கொண்டுவருகிறது. ஐபேட் 2இல், அந்த மூலச் சான்றிதழை இன்னொரு கணினியில் லெட்ஸ் என்கிரிப்ற்றின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, மின்னஞ்சலில் அனுப்பி நிறுவலாம். வேறு எவருடைய தளத்திலிருந்தும் மூலச் சான்றிதழை எடுத்துப் போடாதீர்கள். பிழையான ஒன்றை நம்பச் சொல்லிவிட்டால், நீங்கள் பார்ப்பதெல்லாம் இன்னொருவர் கண்ணுக்கும் போகக்கூடும்.

இனி வேகம். சிப் வயதாகி மெதுவாவதில்லை; 2013இல் கணக்கிட்ட அதே வேகத்தில்தான் இன்றும் கணக்கிடுகிறது. நெருக்கடி, செயலிகள் ஓடும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகமான ராமில். ஒரு ஜிபி ராம் உள்ள ரப்லெற்றில் இயங்குதளமும் கூகிளின் பின்னணிச் சேவைகளும் எடுத்தது போக மிஞ்சுவது சில நூறு எம்பி. உலாவியில் இரண்டாவது பக்கத்தைத் திறந்தால், இடம் தேடி இயங்குதளம் முதலாவதைக் கொன்றுவிடும். திரும்பிப் போனால் மறுபடி இறக்க வேண்டும். நாம் “இழுபடுகிறது” என்று சொல்வது பெரும்பாலும் இந்த மறு இறக்கம்தான்.

மற்றக் காரணம் சேமிப்பகம். பிளாஷ் நினைவகத்தில் எழுதும்போது சின்னத் துண்டுகளாக எழுதலாம், அழிக்கும்போது பெரிய கட்டமாகத்தான் அழிக்கலாம். இடம் முட்டிப்போனால், ஒரு சின்னக் கோப்பை எழுதுவதற்கும் ஒரு கட்டத்தை முழுதாய் வேறிடம் பெயர்த்து, அழித்து, திருப்பி எழுத வேண்டியிருக்கும். 2012இன் நெக்ஸஸ் 7 இதில் பெயர்போனது. வெறுமையான இடங்களை நினைவகத்துக்கு முன்கூட்டியே அறிவிக்கும் வசதி அன்ட்ரொயிட் 4.3இல் வந்த பிறகுதான் அதற்கு மூச்சு வந்தது. பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும். 16 ஜிபி ரப்லெற் என்றால் வட்ஸ்அப்பில் சேர்ந்த கலியாணவீட்டு வீடியோக்களை மெமரி காட்டுக்கு மாற்றுவது, புதிதாக எந்த “வேகமாக்கும்” செயலி போடுவதையும் விட நல்ல மருந்து. அந்தச் செயலிகள் தாங்களே ராமைத் தின்பவை.

பெரிய அப்டேற் ஒன்று போட்ட அன்றே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். செயலிகளை மறுபடி தொகுக்கும் வேலையும் படங்களை அட்டவணைப்படுத்தும் வேலையும் பின்னணியில் ஓடும். ஒரு இரவு சார்ஜிலும் வைபையிலும் விட்டுவிட்டுப் பாருங்கள்.

மெதுவாக இருக்கிறது என்று உடனே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் பக்டரி றீசெற் அடிப்பதுதான் பழைய ரப்லெற்றுகளைச் சாகடிக்கும் முதல் பிழை. புதிய ரப்லெற்றுக்கு அது மருந்து. பழையதற்குத் திரும்பிவர முடியாத பாதை. அன்ட்ரொயிட் 4.4க்குக் கூகிள் பிளே சேவைகளின் புதுப்பிப்பு 2023இல் நின்றது. வட்ஸ்அப்பும் அந்த வருடம் ஒக்டோபர் 24 முதல் அன்ட்ரொயிட் 5ஐக் கேட்கத் தொடங்கியது. ஏற்கனவே உள்ளே இருந்து ஓடிக்கொண்டிருந்த செயலியை அழித்துவிட்டால் அதே பதிப்பு மறுபடி கிடைக்கும் என்று நிச்சயமில்லை. அன்ட்ரொயிட் 5.1 முதல் வந்த பூட்டு, றீசெற் செய்த பிறகு முன்பிருந்த கூகிள் கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அது மறந்துபோயிருந்தால் கையில் இருப்பது ஒரு கண்ணாடித் தட்டு. ஐபேட்டில் சிறு தயவு உண்டு: முன்பு அதே கணக்கில் வாங்கிய செயலிகளின் பட்டியலுக்குப் போய் இறக்கினால், “பொருந்தும் கடைசிப் பதிப்பு” வேண்டுமா என்று கேட்கும். நேரே தேடினால் கிடைக்காதது அந்த வழியில் கிடைப்பதுண்டு.

வெளிநாட்டிலிருந்து ஐபேட் கொண்டுவரும் மாமாவுக்கோ சித்திக்கோ விமானம் ஏறமுன் சொல்ல வேண்டியது ஒன்றிருக்கிறது. தொலைந்த ஐபேட்டைத் தேடித்தரும் “பைன்ட் மை” என்பதை நிறுத்தி, அப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகு அழிக்க வேண்டும். கணக்கு உள்ளேயே இருக்க அழித்தால் ஐபேட் அவரின் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டு நிற்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள மொடல் எண்ணையும் முதலே வாசிக்கச் சொல்லுங்கள். ஏ1474 ஐபேட் எயர், ஏ1566 ஐபேட் எயர் 2. பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாவதில் ஒரு ஜிபி ராம், மற்றதில் இரண்டு. பாரம் குறைத்துக் கொண்டுவர ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம் என்றால் இரண்டாவதே.

திருத்தம் நின்ற ரப்லெற்றில் வங்கிக் கணக்கோ, வீட்டின் பிரதான மின்னஞ்சலோ இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுப்பில்லை. படிப்புக்குத் தாராளமாகப் பாவிக்கலாம். அரசின் பாடநூல்கள் பிடிஎப் ஆகக் கிடைக்கின்றன. நூலகம் என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் உள்ளன. புதுக் கணினியில் இறக்கி, கேபிள் மூலம் ரப்லெற்றுக்கு மாற்றி, வைபையை நிறுத்திவிட்டு வாசிக்கலாம். ஸ்கான் செய்த பக்கங்கள் திணறினால் காரணம் எளிய கணக்கு: 2,000க்கு 3,000 புள்ளிகள் உள்ள பக்கம் 60 இலட்சம் புள்ளி, புள்ளிக்கு நான்கு பைற் வீதம் 24 எம்பி ராம். கோப்பு சின்னதாக இருந்தாலும் திரையில் விரியும்போது அவ்வளவு தேவை. பக்கங்களைத் தாண்டித் தாண்டித் தட்டாமல் ஒவ்வொன்றாகப் புரட்டினால் ஒரு ஜிபி ரப்லெற்றும் தாக்குப்பிடிக்கும். மா, காணி, முந்திரி போன்ற தமிழ்ப் பின்ன எண்களின் குறியீடுகள் 2019இல்தான் யூனிகோட்டில் சேர்ந்தன. அவற்றை எழுத்தாகத் தட்டச்சு செய்த பக்கங்கள் பழைய ரப்லெற்றில் வெறும் பெட்டிகளாகத் தெரியும். ஸ்கான் பக்கம் படமென்பதால் அதில் அந்தக் குறை இல்லை.

கடைசியில் எல்லாவற்றையும் முடிப்பது பற்றரி. ஐபேட் பற்றரி ஆயிரம் முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 வீதம் தாங்கும் என்பது அப்பிளின் கணக்கு. பழைய ஐபேட்டுகளின் அமைப்புகளில் பற்றரி நிலையைக் காட்டும் பகுதி இல்லை. முழுச் சார்ஜ் போட்டு, திரை வெளிச்சத்தைப் பாதியாக்கி, இறக்கி வைத்த வீடியோவை ஓடவிடுங்கள். புதிதில் ஏறத்தாழ பத்து மணித்தியாலம். ஆறு மணித்தியாலத்தில் அணைந்தால் அறுபது வீதம் மிச்சம். வெப்பம்தான் இதன் முதல் எதிரி. சூழல் 35 பாகைக்கு மேல் போனால் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையக்கூடும் என்று அப்பிளே எச்சரிக்கிறது. சித்திரை வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே அறையே அந்த எல்லையைத் தொடும். உறையைக் கழற்றி, காற்றாடிக்குக் கீழே, இரவில் சார்ஜ் போடுங்கள். பாவிக்காமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் அணைத்து வைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சுவரில் மாட்டிக் கமெரா பார்க்கவென்று இரவு பகலாகச் செருகி விட்ட ரப்லெற்றுகள்தான் அதிகம் வீங்குகின்றன. அதற்கு ஒரு ரைமர் சுவிட்ச் போட்டு நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் மட்டும் மின் கொடுக்கலாம்.

திரையின் ஓரம் சட்டத்திலிருந்து எழும்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ரப்லெற் ஆடினாலோ பற்றரி வீங்கிவிட்டது. அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், குத்திக் காற்று எடுக்கவும் கூடாது. சார்ஜரைக் கழற்றி, அணைத்து, மெத்தைக்கும் புத்தகங்களுக்கும் தள்ளிச் சீமெந்துத் தரையில் வைத்துவிட்டு, பற்றரி மாற்றத் தெரிந்த கடைக்காரரிடம் மொடல் எண்ணைச் சொல்லி, அது கிடைக்குமா என்று கேளுங்கள்.